ஈர்க்கில் நின்ற ரோசாப்பூக்கள்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், அன்றைக்கு நான் ஒரு நல்ல மனுஷியைத் திட்டியதை எழுதும்போது, பாவம் பிள்ளைத்தாய்ச்சி, உடம்பு முடியாமல் ஏதோ சொல்லிவிட்டாள் என்று வாசிக்கிறவர்கள் எனக்காக இரக்கப்படுவார்கள். எட்டாம் மாதம்தான், ஆனால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வாய்தான் கெட்ட வாய்.

மலாயாவில், ரெங்கத்திலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், என் கணவர் ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக இருந்தார். டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஜொகூர் பாருவிலிருந்து காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலோ, வெட்டுக்காயமோ, பாம்புக்கடியோ, லயத்துக் கூலிச் சனங்களுக்கு இவர்தான் டாக்டர். ஊசி போடுகிற கை நடுங்காது. ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் நின்றால் தனக்கென்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. நானும் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் அந்த வாயைத் திறக்கவைக்கப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன்.

அந்த முறை அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டியிருந்தது. எங்கள் முதல் பிள்ளையை நாங்கள் ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போகிற செம்மண் ரோட்டில் பறிகொடுத்தோம். வலி தொடங்கியதும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, ரயிலைப் பிடித்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று புறப்பட்டோம். நல்ல மழை. பாதி வழியில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பிள்ளை வண்டியிலேயே பிறந்தான். அழவில்லை. கூட வந்த ஆஸ்பத்திரி ஆயாதான் அவனைத் தன் மடியில் வாங்கிச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவனை அவள் கீழே வைக்கவில்லை.

ஆகவே இந்தத் தடவை வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட வேண்டும் என்று இருந்தோம். அதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும். இந்த வயிற்றோடு மாட்டுவண்டியில் ஏற எனக்குத் துணிவில்லாததால் அவருடைய காரிலும் ஓர் இடம் வேண்டும். இரண்டையும் கேட்கவேண்டியவர் என் கணவர். இரண்டு தடவை டாக்டர் வந்து போய்விட்டார். இரண்டு தடவையும் இவர் வீட்டுக்கு வந்து, “இண்டைக்கு அவருக்கு அவசரம்” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. டாக்டருடைய மனைவி புதிதாகச் சீமையிலிருந்து வந்திருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்க்க அவரும் வருகிறாராம். தோட்டத்துத் துரை லீவில் போய் பங்களா பூட்டிக் கிடந்ததால், தேநீர் எங்கள் வீட்டில் என்று சொல்லி அனுப்பினார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவசரம் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? இவரை ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தேன். இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

மேசையைப் பார்க்க லட்சணமாக வைப்பது என் பாடு. ஊரில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் படித்தபோது, சாப்பாட்டு மேசைக்குப் பூ வைக்கிற முறை எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் வரும். நீளக் காம்போடு வெட்டி, கீழ் இலைகளைக் கழித்து, மொட்டு உயரத்திலும் விரிந்த பூ தாழ்விலும் நிற்கிற மாதிரி வைக்கவேண்டும். ஒன்றின் முகம் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஒரு வித்தையை நம்பித்தான் வீட்டு வாசலில் ஆறு ரோசாச் செடி வளர்த்தேன். கித்தாக்காட்டு வெக்கையில் ரோசா வளர்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஆட்டெரு போட்டு, எறும்புக்குச் சாம்பல் தூவி, பூச்சி பொறுக்கி, அந்த வாரம் பதினொரு பூ நின்றது. ஒன்றைக்கூடக் கிள்ளாமல் அந்த நாளுக்கென்று காத்துவைத்திருந்தேன்.

அன்று பிற்பகல் நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து செடியில் கை வைக்க வயிறு விடவில்லை. ஒத்தாசைக்கு வந்திருந்த ஆயாவிடம், “மேசையிலை வைக்க ரோசாப்பூ எல்லாத்தையும் பறிச்சுக்கொண்டு வா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்படிப் பறிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. பூப்பறிக்க ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

அவள் மடி நிறையப் பூவோடு வந்து நின்றாள். பதினொன்றும் தலை தலையாகக் கிடந்தன. ஒன்றில்கூடக் காம்பு இல்லை.

“காம்பு எங்கை?” என்றேன்.

“பூவுக்கு எதுக்கும்மா காம்பு? கட்டுறப்ப முள்ளு குத்துமே” என்றாள். சரமாகக் கட்டி மேசையில் சுற்றிவைக்கப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் என்ன செய்வாள்? பிறந்த நாளிலிருந்து தலைக்கும் சாமிக்கும்தான் பூப்பறித்தவள். பூவைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் நிற்கவைப்பதை அவள் எங்கே கண்டாள்? இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“என்ன செய்து போட்டாய்? எல்லாத்தின்ரை கழுத்தையும் திருகிப் போட்டியே! உன்ரை கையிலை ஒண்டும் உயிரோடை மிஞ்சாது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் மடி என் கண்ணில் பட்டது. அதே மடி. அவள் என் வயிற்றை ஒரு தரம் பார்த்தாள், பூவை முறத்தில் கொட்டினாள், பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பூவுக்காகவும் அழுதேன், சொன்ன சொல்லுக்காகவும் அழுதேன். எதற்கு அதிகம் என்று கேட்டால் பூவுக்குத்தான் என்று சொல்லவேண்டியிருக்கும். அப்போது என் புத்தி அவ்வளவுதான்.

அரைமணி நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் பச்சைத் தென்னோலை, மறுகையில் ஈர வாழைநார். கத்தியால் ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவத் தொடங்கினாள்.

“விளக்குமாத்துக் குச்சியையோ மேசையிலை வைக்கப் போறாய்?” என்றேன். வாய் இன்னும் அடங்கவில்லை.

“இன்னும் கூட்டாத குச்சிதாம்மா” என்றாள்.

ஒவ்வொரு பூவுக்கும் அடியில் ஈர்க்கைக் குத்தி ஏற்றினாள். இதழ் கலையாமல், மேலே முனை தெரியாமல், சரியாக நடுவில் நிறுத்தினாள். பிறகு செடியிலிருந்து இலைக்கொத்துகளைக் கிள்ளிவந்து, பூவின் கழுத்தோடு சேர்த்து வாழைநாரால் சுற்றிச் சுற்றி இறக்கினாள். லயத்துக் கல்யாண மாலைகளுக்குச் செண்டு கட்டுகிற அதே கைதான். சும்மா பார்த்துக்கொண்டே இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. நீலக் கோடு போட்ட சீனத்து ஜாடியை எடுத்து ஈரமணலால் நிரப்பினேன், அவள் கொடுக்கக் கொடுக்க நான் குத்தினேன். மொட்டு உயரத்தில், விரிந்தது தாழ்வில். இந்தக் காம்புகளை எந்த உயரத்துக்கும் நறுக்கலாம், எந்தப் பக்கமும் வளைக்கலாம், முள்ளும் இல்லை. விடுதியில்கூட நான் இவ்வளவு அழகாக வைத்ததில்லை.

“எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேட்டேன்.

“தண்ணி தெளிச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்மா. அதுக்கு மேலயா உக்காந்திருக்கப் போறாங்க?”

நான் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கார் சத்தம் கேட்டுவிட்டது.

டாக்டரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். வடையை நன்றாகச் சாப்பிட்டார்கள். டாக்டர் மழையைப் பற்றிப் பேசினார், கித்தா விலை விழுந்ததைப் பற்றிப் பேசினார். என் கணவர் எல்லாவற்றுக்கும் “யெஸ் சார்” என்றார். கதவோரம் நின்ற நான் கண்ணைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கோப்பை ஊற்றியாயிற்று. டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போது அந்த அம்மா ஒரு ரோசாவை முகர்ந்து பார்க்க எடுத்தார். ஈர்க்கும் நாரும் மணலுமாக அது கையோடு வந்தது. எனக்கு உயிர் போயிற்று. அவரோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் செய்தது என்று இங்கிலீஷில் கேட்டார். நானே செய்தேன் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் சற்று முன் சொன்ன சொல் நெஞ்சில் கிடந்து அறுத்தது. ஆயாவை உள்ளே கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன்.

இவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், நான் ஏதாவது கொடுக்கவேண்டும் என்றார் அந்த அம்மா. என் கணவர் தமிழில் கேட்டார். ஆயா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரைப் பார்த்து நேராகச் சொன்னாள்:

“எனக்கு ஒண்ணும் வேணாங்க. எங்க டிரஸ்ஸரம்மாவ இந்தத் தடவ ஒங்க காருல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. மொத புள்ள வண்டியிலயே போச்சு, என் மடியிலதான் இருந்துச்சு. எங்க டிரஸ்ஸரய்யா ஊருக்கெல்லாம் மருந்து குடுப்பாரு, தனக்குன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு.”

அதை இங்கிலீஷில் சொல்லவேண்டியவர் கேள்வி கேட்ட இவர்தான். என் கணவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மடியில் இருந்ததையும் சொன்னார். தன்னைப் பற்றிய கடைசி வரியையும் சொன்னார். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். அவர் எதையும் மறைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை அவ்வளவு நேசித்தது அந்த நிமிஷத்தில்தான்.

இதை ஏன் முன்பே கேட்கவில்லை என்றார் டாக்டர். அடுத்த முறை தான் வரும்போது பெட்டியோடு தயாராக இருக்கச் சொன்னார்.

அப்படியே அழைத்துப் போனார். ஆயாவும் கூட வந்தாள். இறங்கும்வரை கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பினோம். எனக்கு முன்னாலேயே தோட்டம் திரும்பியிருந்த ஆயாதான் இத்தனை நாளும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள். ஆறு செடியும் பூத்துக் குலுங்கின. கீழே வாடி உதிர்ந்த இதழ்கள் கம்பளமாகக் கிடந்தன. இத்தனை நாளில் தன் தலைக்குக்கூட ஒன்றைக் கிள்ளவில்லை. நான் சொன்ன சொல்லுக்குப் பயந்து, அல்லது நொந்து. எது என்று நான் கேட்கவில்லை.

பிள்ளையை அவள் மடியில் கொடுத்துவிட்டு நானே இறங்கினேன். கத்தியை எடுக்கவில்லை. எல்லாப் பூவையும் தலையோடு கிள்ளினேன், அவள் எதிரில் உட்கார்ந்து வாழைநாரில் சரமாகக் கட்டினேன். எனக்கு அவ்வளவு நன்றாகக் கட்ட வராது, கோணலும் மாணலுமாக வந்தது. அதை அவள் கொண்டையில் சுற்றிவிட்டு, “நான் அண்டைக்குச் சொன்னது பிழை” என்றேன்.

அவள் சரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, என் குரலிலேயே கேட்டாள்:

“காம்பு எங்கை?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்து, அவள் மடியில் கிடந்து வீரிட்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த எங்கள் இருவருக்கும் வெகுநேரம் மனமே வரவில்லை.