வரத்துக்காலை வெட்டிய இன்ஜினியர் பிரசிடென்ட்

சண்முகவேல் அண்ணன் போய்விட்டார்... காலை ஆறு மணிக்குத் தகவல் வந்தது. நெஞ்சுவலி. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சுழி பக்கம் எங்கள் பஞ்சாயத்தின் முன்னாள் பிரசிடென்ட். சிவில் இன்ஜினியர். அவர் காலத்தில் நான் வார்டு மெம்பர்.

துருக்கியில் ஒரு அணைக்கட்டு வேலையில் பல வருஷம் இருந்தவர். அங்கே இவருடைய மேலதிகாரி ஒரு துருக்கிக்காரர், அவரும் இன்ஜினியர். வேலையை விட்டுவிட்டு எலெக்‌ஷனில் நின்று எம்.பி. ஆனாராம். கட்சிக்காரர் ஒருவரின் தோட்டத்துக்காக வாய்க்காலை வளைக்கச் சொன்னார்களாம். முடியாது என்றிருக்கிறார். அடுத்த தடவை சீட்டு போச்சு.

மறுவாரமே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சைட்டுக்கு வந்துவிட்டாராம் மனுஷன். "அதப் பாத்துத்தான் தாயி எனக்கும் இந்தக் கிறுக்குப் பிடிச்சுச்சு" என்பார் அண்ணன்.

ஊருக்கு வந்து பிரசிடென்டுக்கு நின்றார். முதல் தடவை தோல்வி. படித்த கிறுக்கன் என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவை ஜெயித்தார்.

எங்கள் கண்மாய் நல்ல மழை பெய்த வருஷத்திலும் நிறையாது. சாமி குத்தம் என்று சொல்லி வருஷா வருஷம் அய்யனாருக்குக் கிடா வெட்டினோம். கறி தின்றோம். கண்மாய் காய்ந்தே கிடந்தது.

அண்ணன் கிடா வெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். மறுநாள் காலையில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூபைக் கொண்டுவந்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் முழுக்க நடந்தோம்... வெயில் மண்டையைப் பிளந்தது. ஓரிடத்தில் வாய்க்கால் இடுப்பளவு மேடேறிக் கிடந்தது. டிராக்டர் போக வர என்று கொஞ்சம் கொஞ்சமாக மண்ணடித்து மேடாக்கி வைத்திருந்தார்கள்.

யார் நிலம்? அவருடைய சொந்தச் சித்தப்பா நிலம்.

இன்னொரு தடவை அளந்து பார்ப்போமா என்று இழுத்தேன்.

"பாத்தாச்சு தாயி. எழுதிக்க" என்றார்.

கிராமசபையில் சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "எங்க நெலத்துல கை வைக்கவாடா ஒனக்கு ஓட்டுப் போட்டோம்?"

அண்ணன் ட்யூபைத் தூக்கிக் காட்டினார். "தண்ணிக்குச் சித்தப்பா பெரியப்பா தெரியாது. வாங்க, நீங்களே ஒரு முனையப் பிடிச்சுப் பாருங்க."

சித்தப்பா பிடிக்கவில்லை. நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்தான் இறங்கி வெட்டினோம். அந்த வருஷம் கார்த்திகையில் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்தது. கரையில் நின்று குலவை போட்டோம்.

அடுத்த எலெக்‌ஷனில் சொந்தபந்தம் அத்தனை பேரும் மாற்றிக் குத்தினார்கள். தோற்றார். அதன் பிறகு பதவியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது... ஆனாலும் மழைக்கு முன்னால் வரத்துக்காலைத் தூர் எடுக்க மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பார்.

இன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். "மண்ணின் மைந்தர்" என்று. வைத்தது அந்தச் சித்தப்பா மகன். செத்தவர் படத்தைவிட வைத்தவன் படம் பெரிசு. வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

அது கூடப் போகட்டும். துஷ்டி கேட்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது போன். வரத்துக்காலுக்கு ஜேசிபி வந்திருக்கிறது, கூடவே ரெண்டு டிராக்டர் மண். வாய்க்காலைப் பழையபடி மூடப் போகிறார்கள். அனுப்பியது அதே ஃப்ளெக்ஸ்காரன்தான். ஊரே துஷ்டி வீட்டில் கிடக்கும், கேட்க ஆளிருக்காது என்று நினைத்துவிட்டான். அவன் அங்கே பந்தலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறானாம்...

நானும் அன்றைக்கு வெட்டிய பெண்களில் நாலு பேரும் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் இதை டைப் பண்ணுகிறேன்.

ஜேசிபி டிரைவர் பந்தல்குடி ஊர்க்காரர். "சொன்னாக, வந்தேன். எனக்கெதுக்குக்கா வம்பு" என்று இன்ஜினை அணைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அவராவது மனுஷன்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். அண்ணே, உங்கள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வர முடியவில்லை. அழுகையாக வருகிறது. நகர்ந்தால் மூடிவிடுவார்கள்.

எடுக்கும் முன்னால் நீர்மாலை இருக்கிறது. உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பங்காளிகள் குடத்தோடு வரணும். ஓடுகிற தண்ணீரில்தான் எடுக்கணும் என்பது ஊர் வழக்கம். ஊரில் ஓடுகிற தண்ணீர் இது ஒன்றுதான்.

அவனும் பங்காளிதானே. வரட்டும். எங்கள் காலடியில் குனிந்துதான் மோக்கணும்.

போய்ட்டு வாங்கண்ணே... நாங்க இங்கதான் நிக்கோம்.