வெறும் காணிக்கை உறை

எங்கள் சபையில் எதைப் பற்றியும் பேசலாம். அடுத்தவர் கொலஸ்ட்ரால், மருமகள் சமையல், பாடகர் குழுவில் யார் சுருதி விலகுகிறார் என்று வாய் ஓயாமல் பேசுவோம். காணிக்கை என்று வந்தால் மட்டும் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. அதனால், இனி வியாழக்கிழமை வீட்டுக்கூட்டங்களில் பணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள் என்று புதிய பாஸ்டர் சொன்னபோது எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் கூட்டம் சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில், சபையைச் சேர்ந்த ஓர் அக்கா வீட்டில் நடக்கும். என் பிரசவத்தின்போது ஒரு மாதம் பத்தியம் சமைத்துக் கொண்டுவந்தவர் அவர். அன்று ஒன்பது பேர் இருந்தோம். என் கணவருக்கு வியாழன்தோறும் இரவு ஷிப்ட், அவர் வருவதில்லை.

"இங்க பேசுறது இந்த ரூம விட்டு வெளிய போகாது லா," என்றார் அக்கா.

நம்பிச் சொன்னேன். கப்பல் பட்டறையில் கணவருக்கு ஓவர்டைம் நின்று சம்பளம் குறைந்துவிட்டது. அப்படியும் அவர் பழைய சம்பளத்துக்கே பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக எடுத்து, உறையில் போடச் சொல்லி என்னிடம் தருவார். ஐந்து மாதமாக அதை வீட்டுக்கடனுக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் கட்டிவிட்டு, காணிக்கைப் பையில் வெறும் உறையை ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு இது தெரியாது, நேரம் பார்த்து நானே சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். அழுதுவிட்டேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

அடுத்து வந்தது மாதத்தின் முதல் ஞாயிறு, தசமபாகம் போடும் நாள். காணிக்கை ஜெபம் அக்காவின் முறை. எங்கள் ஆட்கள் ரகசியத்தைப் பேச்சில் விடமாட்டார்கள், ஜெபத்தில்தான் விடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது புறணி ஆகாது என்று ஒரு நினைப்பு.

"ஆண்டவரே, செம்பவாங் கூட்டத்துல ஒரு சகோதரி, புருஷனுக்குத் தெரியாம அஞ்சு மாசமா வெறும் கவர் போடுறாங்க. ஷிப்யார்ட்ல அவருக்கு ஓவர்டைம் கட் ஆயிருச்சு. அந்தக் குடும்பத்தைக் கண்ணோக்கிப் பாரும் அப்பா."

எங்கள் கூட்டத்தில் கப்பல் பட்டறைக்காரரின் மனைவி நான் ஒருத்திதான். பக்கத்தில் கணவர் கண்ணைத் திறந்தார். என் மடியிலிருந்த உறையை எடுத்து இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் மடியிலேயே வைத்துவிட்டார். காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அந்த உறையைப் போட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அக்காவைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பேரச் சொல்லலயேமா. உனக்காக ஜெபம்தானே பண்ணேன்," என்றார். அவர் முகத்தில் ஒரு உறுத்தலும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தியச் சோறு போட்ட கையே கழுத்தை அறுத்துவிட்டது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஞாயிறு பகலில் நானும் கணவரும் தேக்கா உணவங்காடியில் சாப்பிடுவது வழக்கம். அன்று அவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார். பிரியாணிக்குச் சொல்லவில்லை, குடிக்க இரண்டு கோப்பை தே மட்டும் வாங்கி வந்தார். அக்காவைத் திட்டித் தீர்த்தேன். என்ன துரோகம், என்ன நடிப்பு என்று நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்கள விடு," என்றார் கடைசியில். "எட்டுப் பேர்கிட்ட சொல்லி அழுதிருக்க. ஒரே வீட்டுல இருக்கேன், என்கிட்ட சொல்லத் தோணலயா?"

சொன்னால் கோபிப்பார் என்று பயந்தேன் என்பதைக்கூட அந்த மேசையில் என்னால் சொல்ல முடியவில்லை.

மனம்விட்டுப் பேசியதில் சபைக்குப் பெரிய ஆசீர்வாதம் என்று போன வாரம் பாஸ்டர் மேடையில் சாட்சி சொன்னார். எங்கள் வீட்டு உறையை இப்போது கணவரே வைத்துக்கொள்கிறார், அவரே ஒட்டுகிறார், அவரே போடுகிறார். உள்ளே எவ்வளவு வைக்கிறார் என்று என்னிடம் சொல்வதில்லை. கேட்கிற உரிமையை நான்தான் தொலைத்துவிட்டேன்.