ஆட்டுக்கறி போட்டால்தான் விலகலாம்

எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிறவர்கள் சேருகிறவர்கள் அல்ல, விலகுகிறவர்கள். கல்யாணம் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவன் எந்தச் சட்டத்தரணியின் படியையும் மிதிப்பதில்லை. கூட்டாகக் கடை போட்டவர்கள் கூட்டாக இருக்கும்வரை எனக்கு ஒரு பிளேன்டீகூட வாங்கித் தந்ததில்லை. பிரியும்போதுதான் என் ஞாபகம் வரும்.

கறுப்புக் கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மலைநாட்டு நீதிமன்ற வராந்தாக்களில் நடுங்குகிற சக பாவப்பட்டவர்களே, நீங்கள் விவாகரத்து பார்த்திருப்பீர்கள், காணித் தகராறு பார்த்திருப்பீர்கள். ஒரு வொலிபோல் டீமுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? நான் வாங்கிக் கொடுத்தேன். அதில் நான் பட்ட பாட்டை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

விதியைக் கேட்டதும் பசித்தது

கந்தப்பளைக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு வொலிபோல் டீம் வைத்திருக்கிறார்கள். அதன் கேப்டன் கலைச்செல்வி ஒரு மழைநாளில் டீமையே கூட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தாள். இருப்பது இரண்டு நாற்காலி. மீதிப் பேர் சுவரோரமாக வரிசையாக நின்றதில் எனக்கே பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கிற மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் ஆடுகிற தோட்ட லீக்கில் மேட்செல்லாம் சனிக்கிழமை. சனிக்கிழமை மேட்சுக்குப் போனால் அன்றைய பேர் விழாது; பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மாமியார்கள் முணுமுணுத்து, புருஷன்மார் முறைத்து, டீமில் பாதிப் பேர் நின்றுவிடப் போகிறோம் என்கிறார்கள். டவுன் லீக்கில் மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. அங்கே மாறினால் டீம் பிழைக்கும், இல்லையென்றால் இந்த வருஷத்தோடு கலைந்துவிடும். பொங்கலுக்கு முன்னால் டவுன் லீக்கில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் பழைய லீக்கின் விலகல் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்குத்தான் ஒரு விதி இருக்கிறது: விலகுகிற டீம், மிச்சமிருக்கிற டீம்களுக்கெல்லாம் ஆட்டுக்கறிச் சோறு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எப்போதோ ஒரு டீம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன கோபத்தில் போட்ட விதியாம்.

"இந்த மாதிரி விதி எந்தக் கோர்ட்டிலும் நிற்காது, உடைத்துவிடலாம்" என்று நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். கலைச்செல்வி வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள். சோறு போட்டுவிட்டுத்தான் போவார்களாம். நம்ம வீட்டில் கை நனைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பகை பாராட்ட முடியாது, நாளைக்கும் இதே மலைநாட்டில் கொழுந்து பறிக்க வேண்டியவர்கள் என்றாள். நியாயம்தான். பணத்துக்கும் வழி செய்துவிட்டார்கள், ஆட்டையும் வாங்கிவிட்டார்கள். அப்புறம் என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சோறு போடுறோம் போடுறோம்னு நாங்க நிக்கிறோம், திங்க வர மாட்டேங்குறாங்க மிஸ்!"

ஆடு ஆஜர்

கொடுக்க வேண்டியதைக் கொடுக்க நான் தயார், வாங்க வேண்டியவர்தான் மறுக்கிறார் என்று காட்டிவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. சட்டக் கல்லூரியில் நான் தூங்காமல் கேட்ட சில பாடங்களில் அதுவும் ஒன்று. அதனால் "நீங்க தயாரா இருக்கீங்கன்னு காட்ட என்ன அத்தாட்சி இருக்கோ கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். நான் நினைத்தது ஆடு வாங்கிய ரசீது.

மறுவாரம் படிக்கட்டில் டக்கு டக்கென்று சத்தம். என் ஆபீஸ் மாடியில். கீழே ரஸீன் நானாவின் கோழிக்கடை. கோழிக்கடையைத் தாண்டி ஒரு ஆடு உயிரோடு மாடி ஏறுவதை டவுனே வேடிக்கை பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். கறுப்பு வெள்ளைக் கிடாய், கழுத்தில் டீம் ஜெர்சியின் நிறத்தில் ஒரு ரிப்பன். காணி உறுதிப் பத்திரம் எழுத வந்து உட்கார்ந்திருந்த வலப்பனைப் பெரியவர் மரியாதையாக எழுந்து அதற்கு இடம் விட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் கிளாக்கர் சந்திரன் மட்டும் எதற்கும் அசராத ஆள். பேனாவைத் திறந்தான்.

"மிஸ், இத கட்சிக்காரர்னு பதியவா, சான்றுப் பொருள்னு பதியவா?"

ஐயப்பன் சொல்கிறார்

லீக் தலைவர் பெரியசாமி ஐயா, தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கை பார்த்துவிடுவது என்று அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் லீக்ஸும் கரட்டும் நட்ட பாத்தி, உள்ளே கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்ப மாலை. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். தேத்தண்ணி அவ்வளவு நன்றாக இருந்தால் எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

சுவரில் மாட்டியிருந்த வொலிபோல் நெட்டைக் காட்டினார். பிய்ந்த இடமெல்லாம் அவர் கையாலேயே முடிச்சுப் போட்டது. மேட்சுக்கு மேட்ச் சுண்ணாம்புக் கோடும் அவர்தான் போடுகிறார். "நல்லா ஆடுறது கலைச்செல்வி டீம் ஒன்னுதாம்மா. இந்தப் புள்ளைங்களும் போயிட்டா மேட்ச் பாக்க யாரு வருவா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமே என்றேன். ஞாயிற்றுக்கிழமை சனம் பூராவும் சந்தைக்குப் போய்விடும், காக்காய்தான் மேட்ச் பார்க்கும் என்றார்.

சரி, விருந்துக்காவது வாருங்கள் என்றேன். அவரும் கமிட்டி ஆட்களும் மாலை போட்டிருக்கிறார்களாம். கறி வேகிற பக்கமே தலை வைக்க முடியாதாம். மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றி, தை பிறந்த பிறகு சௌகரியமாகச் சாப்பிடலாமாம். அதற்குள் டவுன் லீக்கில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிகிற அளவுக்கு அவருக்கும் தெரியும். கோபம் கோபமாக வந்தது. நேருக்கு நேராகவே கேட்டுவிட்டேன், வேண்டுமென்றுதானே இழுத்தடிக்கிறீர்கள் என்று. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"லோயரம்மா, நானா வேணாங்குறேன்? ஐயப்பன் சொல்றாரு!"

படிக்கட்டில் நானும் ஆடும்

இப்படிப்பட்ட தகராறு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். மத்தியஸ்த சபையில் லோயர்மார் வாய் திறக்க அனுமதி இல்லை. யார் போட்ட சட்டமோ, அனுபவப்பட்டவர்தான் போட்டிருக்க வேண்டும். சபை கூடியது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், அதுவும் ஒரு சனிக்கிழமை. என் கட்சிக்காரர்களுக்கு அன்றைக்கும் பேர் போயிற்று. அவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே படிக்கட்டில், கையில் ஆட்டுக் கயிறோடு. பட்டதாரி, சத்தியப்பிரமாணம் செய்த சட்டத்தரணி. ஜன்னல் வழியாக எட்டி எட்டிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆடு, பள்ளிப் பிள்ளைகள் நட்டு வைத்த செவ்வந்தியை மொட்டையடித்துவிட்டது.

தலைவர் ஆசனத்தில் ஓய்வு பெற்ற சிங்களப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். கலைச்செல்வி சனிக்கிழமைப் பேரைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. "இதுவும் இல்லேன்னா எங்களுக்கு மலையும் லயத்து வீடுந்தான் சார்" என்றாள். பெரியசாமி ஐயா மாலைக் கணக்கை எடுத்துவிட்டார். அதிபர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். டீம்களுக்குச் சோறு என்றுதான் இருக்கிறது, கமிட்டிக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. டீம் என்றால் ஆடுகிற பெண்கள். அவர்களில் ஒருத்தியும் மாலை போடவில்லை. இத்தனை காலமாகக் கமிட்டிக்கும் சேர்த்துத்தான் இலை என்று அவர்களும் நினைத்திருந்தார்கள், நானும் நினைத்திருந்தேன், படித்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விருந்து, கை கழுவியதும் கையெழுத்து என்று முடிவாயிற்று. பெரியசாமி ஐயா மட்டும் விடாமல், நான் இல்லாமல் எப்படி என்று இழுத்தார். அதிபர் தனக்குத் தெரிந்த தமிழில் அன்பாகவே கேட்டார்.

"ஐயா பந்து அடிக்கிறது இல்ல தானே? அப்ப ஐயா ஏன் சாப்பிடுறது?"

பெயர் வைத்த பிறகு

விருந்துக்கு முதல் நாள் பின்னேரம் கலைச்செல்வியின் போன். பின்னணியில் யாரோ அழுகிற சத்தம். கார்த்திகையிலிருந்து இழுத்தடித்ததில் ஆட்டை டீமே வளர்த்திருக்கிறது. முறை வைத்துப் புல் அறுத்துப் போட்டிருக்கிறார்கள், குளிருக்குச் சாக்குத் தைத்துப் போர்த்தியிருக்கிறார்கள். பிராக்டிஸுக்கு வந்து கோட்டுக்கு வெளியே நின்று பந்தைப் பார்க்குமாம். பெனால்ட்டி என்று பெயர் வேறு. இப்போது கத்தியை எடுக்க ஆள் இல்லை. "ஆட்டுக்குப் பதிலா கோழி போட்டா செல்லுமா மிஸ்?"

சாப்பிடுகிற டீம்கள் எல்லாம் சம்மதித்தால் செல்லும் என்றேன். ஒவ்வொரு கேப்டனையும் போனில் பிடித்தோம். கொத்மலைப் பக்கத்து டீம் கேப்டன்தான் கறாரான பேர்வழி, விதி விதிதான் என்பாள் என்று பயந்தேன். அவள் "பேரு வச்சிட்டீங்களா? பேரு வச்சத எப்புடிக்கா திங்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கீழே இறங்கி ரஸீன் நானாவிடம் கோழி சொன்னேன். கடன்தான். நானா கோழிகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஒங்க சட்டத்துல ஆடு தப்பிச்சிடுது, என்ட கோழி மாட்டிக்கிடுது. நல்லா இருக்கு மிஸ்!"

கடைசியாகப் போகிறவர்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மார்கழியில் எங்கள் மலையில் வெயில் அடித்தால் அதுவே ஒரு திருவிழா. லயத்துக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து எல்லா டீமும் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தது. எனக்கும் ஒரு இலை. நான் எந்த டீம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியசாமி ஐயா காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து டிபன்பாக்ஸில் தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு பெண்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நெட்டைக் கட்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய சனம் கரட்டும் கோவாவும் பிதுங்குகிற பைகளோடு நின்றது. நின்றது நின்றதுதான், நகரவில்லை. ரோட்டில் ஆட்டோக்களும் வரிசையாக நின்றன. பெரியசாமி ஐயாவின் டிபன்பாக்ஸ் கையிலேயே இருந்தது. தன் லீக்கில் அவ்வளவு கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. சொன்ன வாக்குப்படி விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கலைச்செல்வி அதை உடனே போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கொத்மலைக் கேப்டன் வந்து, எங்களுக்கும் ஒரு விலகல் கடிதம் வேண்டும் என்றாள். அடுத்த டீமும் கேட்டது. அதற்கடுத்ததும். எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஆனால் முதலில் போகிற டீம் எல்லாருக்கும் சோறு போட வேண்டும், கடைசியாகப் போகிற டீம் ஒருத்தருக்கும் போட வேண்டாம், அதுவரை எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். இது புரிந்ததும் "நீங்க மொதல்ல போங்க", "இல்ல இல்ல, நீங்கதான் பெரியவங்க, நீங்க போங்க" என்று அப்படி ஒரு மரியாதை! நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பெரியசாமி ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாரும் போயிட்டா கடைசியில எனக்கு யாரும்மா சோறு போடுறது?" என்று கேட்டார். பாவமாக இருந்தது.

கலைச்செல்வி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழமைக்கு மாத்துங்க ஐயா. யாரும் போக மாட்டாங்க. நாங்களே திரும்பி வந்துருவோம்." கூட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். "மாத்திருவோம் மகளே. மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவள் அவர் கையிலிருந்த டிபன்பாக்ஸை வாங்கி மூடினாள்.

"ரெண்டு சீசனா சொல்றோம் ஐயா. நீங்கதான் ஆட்டுக்கறியப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க."

திங்கட்கிழமை

காலையில் ஆபீசைத் திறந்தால் படிக்கட்டில் டக்கு டக்கென்று சத்தம். பெனால்ட்டி முன்னால், கலைச்செல்வி பின்னால். முகம் செத்துப்போயிருந்தது. என்ன என்று கேட்டேன். விலகல் கடிதத்தைப் படம் பிடித்தாள் அல்லவா, பிடித்த வேகத்தில் அதை டவுன் லீக்குக்கு அனுப்பியும் விட்டாளாம். பெரியசாமி ஐயா சரியென்று தலையாட்டுவதற்கு முன்னாலேயே டவுன் லீக்கில் இவர்கள் டீமின் பெயர் ஏறிவிட்டது. பழைய லீக்கில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தயார், ஐயா விடியற்காலையிலேயே புதுச் சுண்ணாம்பு வாங்கப் போய்விட்டாராம். இவர்கள் இப்போது அந்த லீக்கில் இல்லை.

சந்திரன் பேனாவைத் திறந்தான். கலைச்செல்வி ஆட்டை இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"மிஸ், டவுன் லீக்க விட்டு வெலகணும்னா என்ன போடணுமாம்? ஆடுன்னா மட்டும் முடியாதுன்னு இப்பவே சொல்லிருங்க."

சக பாவப்பட்டவர்களே, ஒரு லீக்கை விட்டு விலகக் கோழிக்கடைக் கடன் போதும், விலகியதை விட்டு விலகத்தான் லோயர் வேண்டும். அடுத்த கோழி விருந்து வந்தாலும் வரும், இரண்டையும் சேர்த்தே கணக்குத் தீர்க்கலாம். எனவே ரஸீன் நானாவின் கடனை இப்போதைக்கு நான் அடைப்பதாக இல்லை.