மாமனாரின் சரியான வேகம்

போன சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு என் மாமனார் அணில் குரலில் பேசினார்.

பயப்படாதீர்கள். கேசட்டில்தான்.

என் மனைவி ஸ்டெல்லா, கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் குவைத்தில் நர்ஸாக இருந்தாள். தங்கவயலில் சுரங்க வேலையில் இருந்த அவள் அப்பா கடிதம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். அவையெல்லாம் வீடு மாறியதில் தொலைந்தன. கடைசியாகப் பேசியதைத் தபாலில் சேர்ப்பதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்தக் கேசட் இப்போது ஹெப்பகோடியில், அவள் தம்பி வில்சன் வீட்டுப் பரணில் கிடைத்தது.

முப்பது வருடமாக அவள் கேட்காத குரல். நான் கேட்டே இராத குரல்.

முறையாகத்தான் செய்தேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தேன். லேப்டாப்பில் கேபிளைச் செருகினேன். குரல் வந்தது... கீச் கீச்சென்று. போகப் போக இன்னும் கீச்சு.

"இது எங்க நைனா இல்லீங்க. யாரோ சின்னப் பையன். நிறுத்துங்க!" ஸ்டெல்லா சமையலறைக்குப் போய்விட்டாள்.

வேறொரு கேசட்டைப் போட்டேன். ஒழுங்காகப் பாடியது. வில்சனுக்கு போன் செய்தேன்.

"எங்க நைனா புது பேட்டரி வாங்கற ஆளா, மாமா? பழசையே தகர ஷீட் மேல வெயில்ல காய வெச்சு, காய வெச்சு ஓட்டுவாரு!"

அதுதானா? பேட்டரி சோர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் கீச்சிடும். கணினியில் வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது. ஆனால் எவ்வளவு குறைப்பது?

ஹெட்போனில் மறுபடி கேட்டேன். பேச்சுக்குப் பின்னால்... டிக், டிக், டிக்.

நிமிர்ந்து பார்த்தேன். அடுகோடியில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில் தொங்கும் பெண்டுலம் கடிகாரம் மாமனார் வீட்டிலிருந்து வந்ததுதான்! ஞாயிறுதோறும் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுப்பேன். ஒரு நிமிடம் பிந்தினாலும் எனக்குப் பொறுக்காது. "அதுக்கு ஒரு வாரமாச்சும் லீவு குடுங்களேன்" என்பாள் ஸ்டெல்லா.

எண்ணினேன். சுவரில், நிமிடத்துக்கு நூற்றிருபது டிக். கேசட்டில், ஆரம்பத்தில் நூற்று முப்பத்தெட்டு, முடிவில் நூற்று ஐம்பத்தாறு. இருபத்திரண்டு நிமிடப் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சுவர்க் கடிகாரத்தின் வேகத்துக்கு இழுத்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. போகட்டும்!

நாலரை மணிக்கு ஸ்பீக்கரில் போட்டேன். கனத்த, கரகரத்த குரல்.

"ஸ்டெல்லா கண்ணு... வேளைக்குத் துன்றியா? அங்க வெயிலு கொளுத்துதாமே? அதுல கொஞ்சம் பார்சல் போடும்மா. நைனா பேட்டரி காய வெச்சுக்கறேன்..."

சமையலறையில் கரண்டி விழுந்தது.

"நைனாதாங்க!" ஓடி வந்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். மூன்று முறை கேட்டாள். நாலாவது முறை, வில்சனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரருகே பிடித்தாள்.

எதையும் நேரம் தவறாமல் செய்கிறவனை வீட்டில் கிண்டல் செய்யத்தான் செய்வார்கள். எப்போதாவது ஒரு சனிக்கிழமை அவனுக்கும் வரும்.

மறுநாள் ஞாயிறு. சாவி கொடுக்க ஸ்டூலைத் தேடினேன். அது ஏற்கெனவே கடிகாரத்துக்குக் கீழே இருந்தது... மேலே, கையில் சாவியோடு ஸ்டெல்லா!