உறங்கவிடாத பிற்பகல்

லீவில் ஊருக்குப் புறப்படும் ஆபீஸ் நண்பர்கள், கைக்குழந்தை இருந்தால், என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸ் போய்ச் சேர்வதற்கே இரண்டு ராத்திரி ஆகிறது. அப்புறம் திருநெல்வேலிக்கு இன்னொரு வண்டி. "ரயில்ல பிள்ளையை எப்படி சார் தூங்க வைக்கிறது? உங்க வீட்டுலயும் சின்னக் குழந்தை இருக்கே" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பார்த்து முடித்த காகிதத்தையே மறுபடி பார்ப்பேன்.

எங்கள் மகள் பிறந்தபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் தங்கினால் ஊருக்கு வந்து சாஸ்தா கோயிலில் முடியிறக்குகிறோம் என்று மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். வருஷம் நிறைவதற்குள் செய்தாக வேண்டும். எட்டாம் மாசம் லீவு கிடைத்தது.

பயணத்தை நினைத்து நாங்கள் பயந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை பெஹாலாவில் இருந்த உறவினர் வீட்டுக்குக் குதிரை வண்டியில் போனோம். தொட்டில் சேலையை விட்டு வெளியே உறங்கிப் பழகாத பிள்ளை வழியெல்லாம் அழுதது. அழுது அழுது, திரும்பும் வழியில் மூச்சு நின்று, உதடு நீலமாகி, கை கால் விறைத்துவிட்டது. சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். ஆனால் அந்த நீல உதட்டைப் பார்த்த பிறகு, மூன்று நாள் ரயிலில் அவள் அழக்கூடாது, உறங்க வேண்டும் என்பதே வீட்டில் ஒரே பேச்சாகிவிட்டது.

வீட்டில் என்றால் நாங்கள் இருவரும் மதினியும். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்தபின் காளிகாட்டில் எங்களோடுதான் இருந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். கீழ்வீட்டு வங்காளி அம்மாள் முதல் பால்காரன் வரை குழந்தை விஷயத்தில் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள்.

புறப்படும் நாள் காலையில் மனைவி எப்போதும் போல உரைகல்லை எடுத்தாள். வசம்பு, கடுக்காய், மாசிக்காய் எல்லாம் தாய்ப்பாலில் ஓரிரண்டு உரை. ஜாதிக்காயை மட்டும் அன்று வழக்கத்துக்கு அதிகமாக உரைத்தாள். அவளுடைய பிறந்த வீட்டில் மருந்தைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால், வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுக் கல்லைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு மூட்டை கட்டும் வேலை. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் மதினி. எங்கள் குடும்பத்தில் மருந்து கொடுப்பது குளிப்பாட்டிய பிறகு, சாம்பிராணி காட்டும் நேரத்தில். இந்த வேறுபாடு குழந்தை பிறந்ததிலிருந்தே இருந்தது. சில வாரம் இவள் கொடுப்பாள், சில வாரம் அவர் கொடுப்பார். கொடுத்தேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் மருந்து பலிக்காது என்பார்கள்.

உச்சிக்கு முன்பே வண்டி வந்தது. குழந்தை மதினியின் மடியில் நல்ல உறக்கத்தில் இருந்தாள். கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, தெருவில் யார் கண்ணும் படாமல் இருக்க முகத்தின் மேல் ஒரு துணியைப் போட்டிருந்தார். மதினி ஹௌரா வரை வந்து ரயிலேற்றிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

பாலத்தருகே வண்டிகள் வரிசையாக நின்றன. கப்பல் கடப்பதற்காக மிதவைப் பாலத்தின் நடுப்பகுதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெயில். எருமை வண்டிகள், சணல் பொதிகள், பல்லக்குத் தூக்கிகளின் சண்டை, கப்பல் சங்கு. வண்டியின் மரக்கதவுகளை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு சத்தத்திலும் குழந்தை அசையவில்லை.

"பாத்தீகளா, எப்படி ஒறங்குதா!" என்றாள் மனைவி மெதுவாக.

"இதுக்குன்னு ஒரு கை வேணும்ளா" என்றார் மதினி.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அவரவர் கைவண்ணம் என்று அவரவர் நினைத்த சிரிப்பு அது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் துணியைக் கொஞ்சம் விலக்கப் போனேன். மதினி என் கையைத் தட்டினார்.

"ஒறங்குத பிள்ளைய அழகு பாக்கப்பிடாது தம்பி. பெத்தவங்க கண்ணுதான் மொதல்ல படும்."

கையை எடுத்துக்கொண்டேன்.

கப்பல் நகர்வதாகத் தெரியவில்லை. வண்டிக்காரன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தான். மனைவி சேலைத் தலைப்பை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். பால் கட்டி வலிக்கிறது என்றாள். பிள்ளை பாலுக்கு எழும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

"எழுப்பிக் குடேன்" என்றேன்.

"பாவம், ஒறங்கட்டும்" என்றார் மதினி.

வலி பொறுக்காமல் மனைவி குழந்தையை வாங்கித் துணியை எடுத்தாள். காம்பை வாயில் வைத்தாள். வாய் மூடவில்லை. பால் உதட்டோரம் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. உள்ளங்காலைச் சுரண்டினாள். காதைத் திருகினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"அக்கா, பிள்ள எந்திரிக்க மாட்டேங்கா. அக்கா, என்னன்னு பாருங்க!"

நான் கதவைத் திறந்தேன். வெளிச்சத்தில் அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கும். பிறகு இனி ஏறாது என்று நினைக்கும் அளவுக்கு நின்று, மறுபடி ஏறும்.

ஸ்ட்ராண்டு என்ற ஆற்றங்கரைச் சாலையில் சற்றுத் தள்ளி ஒரு மருந்துச்சாலையின் பலகையை வரும்போது பார்த்திருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சணல் வண்டிகளுக்கு நடுவே ஓடினேன். பெண்கள் இருவரும் பின்னால் ஓடிவந்தார்கள். மனைவி அதுவரை கல்கத்தாத் தெருவில் நடந்தவளே இல்லை.

டாக்டர் ஒரு வயதான வங்காளி. குழந்தையை மேஜையில் கிடத்தி இமையைத் தூக்கிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அஃபீம்" என்றார். "யார் கொடுத்தது?"

அபின் எங்கள் வீட்டில் இல்லவே இல்லை என்றேன். மனைவிக்கு அந்த ஒரு சொல் விளங்கிவிட்டது. "சத்தியமா இல்லைங்க. உரை மருந்துதான். ஜாதிக்காய் கொஞ்சம் கூட வச்சேன், அவ்வளவுதான்" என்று மேஜையில் அடித்து அழுதாள். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

"பாபு, நீங்கள் படித்தவர். எனக்குப் பொய் வேண்டாம், நேரம் இல்லை."

வாசற்படியில் நின்ற மதினி அப்போதுதான் பேசினார்.

"நான் குடுத்தேன் தம்பி. கடுகளவு. குளிப்பாட்டிட்டு. ஜாதிக்காயும் வச்சுத்தான்." குரல் நடுங்கவில்லை. "எம்பிள்ளைய மூணுக்கும் பிரயாணம்னா அப்படித்தான் குடுத்தேன். ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலயே. அவ முன்னாடியே குடுத்தது எனக்குத் தெரியாது."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள்.

டாக்டர் கறுப்புக் காப்பி போடச் சொல்லி, ஆறவைத்து, பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டார். முகத்தில் தண்ணீர் அடித்தார். பிறகு என் கையில் கொடுத்தார். "தூங்க விடாதீர்கள். தூங்கினால் மூச்சு விட மறந்துவிடுவாள். நடங்கள், தட்டுங்கள், கிள்ளுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். காற்றில் நடங்கள். நானும் வாசலில் இருக்கிறேன்."

படித்துறை ஓரம் நடந்தோம். நான் கொஞ்ச தூரம், மனைவி கொஞ்ச தூரம். மூச்சு இடைவெளி நீளும்போதெல்லாம் உள்ளங்காலில் சுண்டினேன். பாதம் சிவந்தது. அடுத்த பாதத்தில் சுண்டினேன். தொடையில் கிள்ளினேன். பெற்ற பிள்ளையின் சதையை நகத்தால் பிடித்துத் திருக இவ்வளவு எளிதாக வரும் என்று நான் நினைத்ததில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு வந்தால் மனைவி "அழுளா, அழுளா என் தங்கம்" என்று கெஞ்சுவாள். சுளிப்பு மறைந்துவிடும்.

குளித்துக் கரையேறிய ஒரு வங்காளிக் கிழவி என் எதிரில் வந்து வழிமறித்தாள். "ஏ பாபு! பால் குடிக்கிற பிள்ளையை அடிக்கிறாயே, நீ மனுஷனா? தூங்குகிற குழந்தை உனக்கு என்ன செய்தது?" நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் என் தோளைப் பிடித்தான். வங்காளியில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இடுப்பில் குடத்தோடு நின்ற இன்னொருத்தி குழந்தையைப் பிடுங்க வந்தாள். மதினிதான் நடுவில் புகுந்து, கடைத்தெருவில் பழகிய அரைகுறை வங்காளியில் கத்தினார்: "விஷம்! நான் கொடுத்தேன்! விடுங்கள் அவரை!" கூட்டம் விலகிற்று. கிழவி மதினியின் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். மதினி காலைக்கூட நகர்த்தவில்லை.

பாலம் மூடி வண்டிகள் நகரத் தொடங்கிய நேரம். நான் குனிந்து அவள் விலாவில் கிள்ளினேன். உடம்பு முழுக்க ஒரு உதறல். வாய் கோணிற்று. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு கரகரத்த சின்னச் சத்தம். பிறகு அழுகை. நீலமாகிவிடுவாளோ என்று நாங்கள் பயந்த அதே அழுகை. பால் கொடுக்க நான் குழந்தையை நீட்டினேன். மனைவி உடனே வாங்கவில்லை.

"அழட்டும். இன்னுங் கொஞ்சம் அழட்டும்" என்றாள். அவள் பற்கள் கிட்டியிருந்தன.

வண்டிக்காரன் தேடிக்கொண்டு வந்து, ஸ்டேஷனா வீடா என்று கேட்டான். நாங்கள் வீடு திரும்பினோம்.

மதினி அடுத்த மாசமே நாகபுரியில் இருந்த மகளிடம் போய்விட்டார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. அந்த ஒரு மாசத்தில் அவர் குழந்தையைத் தொடவில்லை. அது அழுதால் எழுந்து போய்க் கொல்லைக் குழாயடியில் நிற்பார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. சாஸ்தா கோயில் வேண்டுதல் இன்னும் பாக்கிதான். நல்ல உறக்கக்காரி, ஒரு மருந்தும் வேண்டாம். உறங்கினால் நாங்கள்தான் விடுவதில்லை. மனைவி போய் மூக்கடியில் விரல் வைப்பாள். அது போதாதென்று நான் போவேன். நேற்று மத்தியானமும் உள்ளங்காலில் மெல்லத் தட்டினேன். கண்ணைத் திறந்து, "ஏம்ப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நீ ஒறங்கு" என்றேன்.

அவள் உடனே உறங்கிவிட்டாள். நான் மறுபடி தட்டினேன்.