கூப்பிட்டால் வரும் மாடு

பந்தய மாடு பழக்குவதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பெயரால் எனக்கு என்ன வந்தது என்றால், கொடி நிறைய சால்வை வந்தது. அதைப் போர்த்திக்கொள்ளவும் முடியாது, ஈரம் துடைக்கவும் ஆகாது. என் மனைவி அவற்றைத் தைத்து ஜன்னலுக்குத் திரையாகப் போட்டிருக்கிறாள். "உன் மாடுங்க ஜெயிச்சதுல எனுக்குக் கெடச்சது இதான், வெயில் வராம கீது" என்பாள்.

முதலில் நான் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது மற்றவர்கள் மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி நகர்த்துவார்கள். நான் முன்னால் போய் நின்று கூப்பிட்டால் போதும், என் மாடுகள் பாரத்தோடு வந்துவிடும். எலவனாசூர்கோட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு முதலாளி இதைப் பார்த்தார். "பந்தயத்துக்குன்னு ஒரு கன்னு வாங்கியாந்துக்கீறேன். பழக்கிக் குடு" என்றார். அப்படித்தான் இதில் விழுந்தேன்.

தை, மாசியில் திருவண்ணாமலைப் பக்கம் தெருவில் மாடு விடுவார்கள். இரண்டு பக்கமும் சனம் நிற்க, ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிட்டு, எது சீக்கிரம் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலான மாடுகள் பயத்தில் ஓடும். பின்னாலிருந்து அடிப்பார்கள், வாலை முறுக்குவார்கள், கண்ணில் மிளகாய் தடவுகிற மகராசர்களும் உண்டு. நான் பழக்கிய மாடு மட்டும் என்னிடம் வருவதற்காக ஓடும். கோட்டுக்கு அப்பால் நின்று "வா கண்ணு, வந்துடு" என்பேன். என் வித்தை அவ்வளவுதான். அதற்குக் கன்றிலேயே ஆரம்பிக்க வேண்டும். ஓட்டத்தில் மூச்சு வாங்காமலிருக்க வெள்ளிமலை ஏற்றத்துக்குக் கொண்டுபோய், நான் மேலே நின்றுகொண்டு கூப்பிடுவேன். வந்து சேர்ந்ததும் கையாலேயே பருத்திக்கொட்டை ஊட்டுவேன். வெறுங்கையோடு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

மாடுகள் ஜெயித்தன. மைக்கில் முதலாளியின் பெயரையும் ஊரையும் சொல்வார்கள். ஜெயித்தால் அது முதலாளி மாடு, தோற்றால் நான் பழக்கிய மாடு. ஆத்திரமாக வரும். இத்தோடு விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாசியிலும் நினைப்பேன். அடுத்த கன்றைக் கொண்டுவந்து கட்டியதும் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பேன். மானங்கெட்ட மனசு.

கடைசியாகப் பழக்கியது ஒரு செவலைக் காளை. தெருமுனையில் என் பேச்சுச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும். நான் பெற்ற பிள்ளைகள்கூட எனக்கு அப்படி எழுந்து நின்றதில்லை. போன மாசியில் ஓர் ஊரில் சிமெண்டு ரோட்டில் விட்டார்கள். புழுதி அடங்கத் தண்ணீர் வேறு தெளித்திருந்தார்கள். "குளம்பு நிக்காதுங்க, வேணாங்க" என்றேன். "பேரு குடுத்தாச்சு. இப்பப் போயி வேணாம்னா நாலு பேரு இன்னா நெனப்பான்?" என்றார் முதலாளி. பாதித் தெருவில் வழுக்கி விழுந்தது. முன்னங்கால் மடங்கிப்போயிற்று. அப்படியும் எழுந்து, நான் கூப்பிட்டுவிட்டேனே என்பதற்காக, மூன்று காலில் என்னிடம் வந்து சேர்ந்தது.

கால் ஒருவாறு கூடியது. ஓட்டம் போய்விட்டது, நொண்டி நடை மட்டும் மிச்சம். மாட்டை எனக்கே கொடுத்துவிடச் சொல்லி முதலாளியைக் கேட்டேன். முடிந்தபோது எரு வண்டி இழுக்கட்டும், இல்லாவிட்டால் சும்மா கட்டித் தீனி போடுகிறேன் என்றேன்.

"இன்னாப்பா பேசற? எம்மாம் பேரு எடுத்த மாடு. அது ஒன் வூட்டாண்ட எரு வண்டி இழுத்துக்கினு நின்னா, பாக்கறவன் என்ன இன்னா சொல்லுவான்? மானம் போயிடும்" என்றார்.

மாட்டின் மானமா, உன் மானமா என்று கேட்க வாய் வந்தது. அவர் தந்த கூலியில் சாப்பிட்ட வாய், கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் போன் செய்தார். "மாடு வண்டி ஏற மாட்டேங்குது, வந்துட்டுப் போ." மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து, சந்தோஷமாகவே பஸ் ஏறினேன். முதலாளி வீட்டு வாசலில் லாரி நின்றது. உள்ளே கிழட்டு மாடுகளும் எருமைகளும் நெருக்கிக்கொண்டு நின்றன. கேரளா போகிற லாரி. எதற்குப் போகிறது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செவலை ஏற்றுப்பலகையில் கால் வைக்காமல் நின்றது. இழுத்துப் பார்த்த ஆட்கள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் செவலை காதை ஆட்டியது.

"நீ கூப்புட்டா ஏறும்" என்றார் முதலாளி.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். இங்கே எருதும் அதுதான், முடமும் அதுதான்.

"எரு வண்டி இழுத்தா மானம் போவும்னீங்க. இதுக்குப் போனா போவாதாங்க?" என்றேன்.

"அது எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான் கூப்புட மாட்டங்க."

அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நான் கூப்பிடாமல் அது ஏறாது, ஏறாவிட்டால் லாரிக்காரன் எவ்வளவு நேரம் நிற்பான், விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று தைரியமாக இருந்தேன்.

தெரு திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. "வா கண்ணு, வந்துடு." என் குரல்தான். கூடவே சனத்தின் விசிலும் கைத்தட்டலும். திரும்பிப் பார்த்தேன். எந்தப் பந்தயத்திலோ முதலாளி தன் செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோ. போனை லாரிக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் பின்கதவைத் தூக்கி மாட்டிவிட்டார்கள். செவலை உள்ளே எருமைகளுக்கு நடுவில் நின்று, கழுத்தை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்னைத் தேடிக்கொண்டிருந்தது.