சற்றே வழுக்கி ஒட்டிய விழித்திரை

சபையாரே, சாட்சி சொல்ல நான் பொருத்தமான ஆள் இல்லை. நீண்ட ஜெபங்களின் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரம் பார்க்கிற வகை. அந்தக் கண்ணுக்குத்தான் போன ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் கேடு வந்தது.

வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு நிழல் இறங்கியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டர். அறுவை செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே கட்டளைதான்: போனதும் குப்புறப் படுக்க வேண்டும், எழக்கூடாது. விழித்திரைக்கு அடியில் மிச்சமிருக்கும் நீர் நகர்ந்தால் விழித்திரையும் நகரலாம்.

நம் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால், அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சபை வந்துவிடும். வந்தது. முன்னால் ஆயர், பின்னால் ஜெபக்குழு.

“பிரதர், அப்படியே படுங்க, எழுந்திரிக்காதீங்க” என்றார் ஆயர்.

ஆனால் ஆயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்கும் துணிச்சல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. எழுந்து உட்கார்ந்தேன். சட்டைகூடப் போட்டுக்கொண்டேன். ஜெபம் நீளமாகவே இருந்தது. பிறகு பாட்டு.

“படுத்துக்கிட்டே கேட்டா கர்த்தருக்குக் காது கேக்காதா?” என்றாள் மனைவி ஸ்டெல்லா, அவர்கள் போன பிறகு.

வாரங்கள் கழித்து வாயு கரைந்தது. பார்வை வந்தது, இரண்டிரண்டாக. கதவு நிலை நடுவில் வளைந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு மேலே இன்னொரு ஸ்டெல்லா.

“ரெண்டு பேர்ல யார்கிட்ட காப்பி கேக்கறீங்க?” என்றவள், சமையலறைக்குள் போய் மூக்கை உறிஞ்சினாள்.

நான் மொழிபெயர்ப்பாளன். வரிமேல் வரி ஏறிக்கொண்டால் பிழைப்பு இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு படித்தால் கொஞ்ச நேரத்தில் தலை வெடிக்கும்.

“நல்லா ஒட்டியிருக்கு. கொஞ்சம் வழுக்கி ஒட்டியிருக்கு” என்றார் டாக்டர். “எழுந்து உக்காந்தீங்களா?”

“ஜெபத்துக்கு, டாக்டர்.”

அவர் விளக்கை அணைத்தார். “அதனாலதான்னு சொல்ல முடியாது. இந்த ரெட்டைப் பார்வைக்கு மூளை பழகிக்கலாம். பழகாமலும் போகலாம்.”

வீட்டுக்கு வந்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஜெபத்தில் கெட்டதை ஜெபத்தாலேயே சரிசெய்யச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் ஒரு மத்தியானம் மேசைமேல் தலையைக் கவிழ்த்து, “ஆண்டவரே, முடியல” என்றேன். அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. மறுநாளும் அதேதான். மாதக்கணக்கில் அதேதான். ஒன்றும் நடக்கவில்லை.

மழைக்காலம் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து தொடங்கும் சமயம், ஒரு நிலப் பத்திரத்தைக் கன்னடத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் முடித்த பிறகுதான் உறைத்தது. வலது கண்ணை நான் மூடவே இல்லை.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். நம்பவில்லை. ஒரு வரியில் விரலை வைத்து, “இதைப் படிங்க” என்றாள். படித்தேன். “அடுத்தது.” அதையும் படித்தேன். வடக்கே வேப்பமரம், தெற்கே வாய்க்கால் என்று முழுப் பத்திரத்தையும் வாசிக்க வைத்து, கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த நிலப் பத்திரத்துக்கும் அத்தனை பயபக்தி கிடைத்திருக்காது.

கதவு நிலை இன்னும் லேசாக வளைந்துதான் இருக்கிறது. மூளை பழகிவிட்டது என்கிறார் டாக்டர். என் மூளை நல்ல காரியம் எதற்கும் தானாகப் பழகியதாக வரலாறு இல்லை. ஆகவே நான் நன்றி சொல்வது கர்த்தருக்கு. இப்போது தினமும் ஜெபிக்கிறேன், சுருக்கமாக.

களைத்துப்போனவர்கள் நம் நடுவில் இருப்பீர்கள். நல்ல வார்த்தைகள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் வருவதைச் சொல்லுங்கள். கர்த்தர் தாமதமாக வரலாம். என்னிடம் அப்படித்தான் வந்தார்.